வேன் வீட்டின் கரண்ட்: பேட்டரியும் ஒயரிங்கும் மாற்றுகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

கிருஷ்ணகிரியில் எங்கள் வீட்டு வாசலில் நிற்கும் வேன், ஒரு காலத்தில் ஓசூர் சிப்காட்டுக்கு ஆள் ஏற்றிப் போன வண்டி. சீட்டுகளைக் கழற்றிவிட்டு கட்டில், சமையல் மேடை, தண்ணீர் டேங்க் எல்லாவற்றையும் நானும் தம்பியும் சேர்ந்து அடித்தோம். முதல் தடவை கரண்ட் வேலையை ஒரு 150 ஏஹெச் டியூபுலர் பேட்டரி (வீட்டு இன்வர்ட்டருக்குப் போடும் ஈய பேட்டரி; ஏஹெச் என்றால் ஆம்பியர்-மணி, அதன் கொள்ளளவு), ஒரு மலிவு இன்வர்ட்டர், கைக்குக் கிடைத்த ஒயர் என்று முடித்துவிட்டோம். மூன்று வருடம் கழித்து அத்தனையையும் பிடுங்கிப் புதிதாகப் போட வேண்டியதாயிற்று. தர்மபுரி, அரூர், ராயக்கோட்டைப் பக்கம் சொந்தமாக வேன் கட்டுகிறவர்கள் அதைப் பார்க்க வரும்போது கேட்கிற கேள்விகளையும் நான் சொல்கிற பதில்களையும் இங்கே எழுதி வைத்திருக்கிறேன்.

அண்ணா, எந்த பேட்டரி வாங்கலாம்?

எல்லோரும் முதலில் கேட்பது இதைத்தான். ஆனால் ஒரு நாளைக்கு உங்கள் வேன் எவ்வளவு கரண்ட் சாப்பிடும் என்று தெரியாமல் பேட்டரி கடைக்குப் போகக் கூடாது. ஒரு தாளை எடுத்து, ஒவ்வொரு பொருளின் வாட்டையும் அது ஓடும் மணி நேரத்தையும் பெருக்கி எழுதுங்கள். எங்கள் கணக்கு இது: 30 வாட் மின்விசிறி இரண்டு, பத்து மணி நேரம், 600. பன்னிரண்டு வோல்ட் கம்ப்ரஸர் ஃப்ரிட்ஜ் மே மாத வெயிலில் 600. எல்இடி விளக்குகள் 100. தண்ணீர் பம்ப் 30. போன், லேப்டாப் 200. மிக்ஸி பத்து நிமிடம், 100. கூட்டினால் 1,630 வாட்-மணி. இன்வர்ட்டரிலும் ஒயரிலும் வீணாவதைச் சேர்த்து 1,800 என்று வைத்துக்கொண்டோம். ஈபி கணக்கில் 1.8 யூனிட்.

இப்போது பேட்டரியைப் பாருங்கள். 150 ஏஹெச் டியூபுலர் ஒன்றில் 12 வோல்ட்டால் பெருக்கினால் 1.8 யூனிட் இருப்பதாகத் தெரியும். ஆனால் ஈய பேட்டரியைப் பாதிக்கு மேல் இறக்கினால் ஆயுள் வேகமாகக் குறையும். ஆக, கைக்கு வருவது 0.9 யூனிட், எங்களுக்கு அரை நாள். 200 ஏஹெச் லித்தியத்தில் (12.8 வோல்ட்) 2.56 யூனிட் இருக்கிறது, அதில் எண்பது தொண்ணூறு சதவீதத்தைத் தயங்காமல் எடுக்கலாம். மழை மூட்டமான நாளுக்கும் கொஞ்சம் மிச்சம் நிற்கும். அதனால்தான் நாங்கள் 200 எடுத்தோம். உங்கள் தாளில் 700 வாட்-மணிதான் வருகிறதென்றால் 100 ஏஹெச் போதும். பக்கத்து வேன்காரர் பெரிதாக வைத்திருக்கிறார் என்பதற்காக நீங்களும் வைக்க வேண்டியதில்லை.

வீட்டில் சும்மா இருக்கும் இன்வர்ட்டர் பேட்டரியையே வேனில் வைத்தால் என்ன?

ஓடும். நாங்களும் மூன்று வருடம் ஓட்டினோம். ஆனால் அது வீட்டு மூலையில் அசையாமல் நிற்பதற்காகச் செய்தது. அசிட் நிரம்பினால் ஐம்பது, அறுபது கிலோ. வத்தல்மலை வளைவுகளில் ஏறும்போது மூடி வழியாக அசிட் கசிந்து எங்கள் தரைப் பலகையை அரித்துவிட்டது. சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வாயு வெளியேறும், அது தீப்பற்றக்கூடியது. அந்த பேட்டரியைக் கட்டிலுக்கு அடியில் மூடிய பெட்டியில் வைத்துவிட்டு அதன் மேலேயே படுத்துத் தூங்கினோம் என்று நினைத்தால் இன்றைக்கும் மனசு பதறுகிறது. ஈய பேட்டரிதான் வசதிப்படும் என்றால், மூடிய பெட்டியிலிருந்து வெளியே காற்றுப் போக மேல் பக்கம் ஒரு குழாயாவது கட்டாயம் வையுங்கள்.

லித்தியம் தீப்பிடிக்காதா?

லித்தியம் என்ற ஒரே பெயரில் பல வகைகள் இருக்கின்றன. வேன் வீட்டுக்கு ஏற்றது லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகை, கடையில் 'எல்எஃப்பி' என்று கேட்க வேண்டும். ஒரு செல் 3.2 வோல்ட், நான்கு செல் தொடராகச் சேர்ந்து 12.8 வோல்ட். நிக்கல், மாங்கனீசு, கோபால்ட் கலந்த 'என்எம்சி' வகையோடு ஒப்பிட்டால் இது இன்னும் அதிகச் சூட்டைத் தாங்கித்தான் கட்டுப்பாடு இழக்கும். தப்பு நடந்தாலும் அவ்வளவு ஆவேசமாக எரியாது. எடையும் குறைவு, 100 ஏஹெச் ஒன்று பன்னிரண்டு கிலோ அளவில் வரும்.

நான் பயப்படுவது செல்லை நினைத்து அல்ல. வேனில் தீ பெரும்பாலும் தளர்ந்த இணைப்பிலும், ஃபியூஸ் இல்லாத ஒயரிலும்தான் தொடங்கும். அதைக் கீழே தனியாகச் சொல்கிறேன்.

பழைய மின்சார ஸ்கூட்டர் பேட்டரி மலிவாகக் கிடைக்கிறது. அதைப் பிரித்து 12 வோல்ட்டாகக் கட்டிக்கொள்ளலாமா?

வேண்டாம். எங்கள் மாவட்டத்திலேயே மின்சார ஸ்கூட்டர் தயாரிப்பு பெரிதாக வளர்ந்திருப்பதால் இப்படிப்பட்ட பேக்குகள் கண்ணில் படுகின்றன, ஆசையும் வருகிறது. ஸ்கூட்டர்களில் என்எம்சி செல்கள் பரவலாக இருக்கின்றன. ஒரு செல் 3.6 வோல்ட், நிரம்பினால் 4.2. மூன்று சேர்த்தால் 12.6, நான்கு சேர்த்தால் 16.8. இரண்டுமே வண்டியின் 12 வோல்ட் கருவிகளோடு சரியாக ஒத்துப்போகாது. அதோடு, எந்தச் செல் எத்தனை முறை சூடாகி, எந்த விபத்தில் நசுங்கியது என்று யாரும் சொல்ல முடியாது. பிள்ளைகள் தூங்கும் கட்டிலுக்கு அடியில் வைக்கிற பொருள் அது.

முதல் ஒயரிங்கில் அப்படி என்ன தப்பு நடந்தது?

தர்மபுரியிலிருந்து சேலம் போகும்போது தொப்பூர் கணவாய் இறக்கத்தில் பின்னால் பிளாஸ்டிக் கருகும் வாசனை வந்தது. அந்த இறக்கத்தில் ஓரங்கட்ட இடம் கிடைப்பதே கஷ்டம். தாண்டி வந்து நிறுத்திப் பார்த்தால், பேட்டரியிலிருந்து இன்வர்ட்டருக்குப் போகும் ஒயரின் முனையில், லக்கை (ஒயர் முனையில் நசுக்கி மாட்டும் உலோக வளையம்) ஒட்டி ஒரு விரல்கடை நீளத்துக்குத் தோல் உருகிக் கறுத்திருந்தது. பின்னால் சின்னவளுக்காக மிக்ஸியில் ஜூஸ் அடித்திருந்தார்கள், அவ்வளவுதான். அந்த லக்கைக் கட்டிங் பிளேயரால் நசுக்கி மாட்டியவன் நான்.

ஏன் உருகியது என்பதைக் கணக்காகப் பார்த்தால் எல்லாம் விளங்கும். 1,000 வாட் இன்வர்ட்டர் முழுச் சுமையில் 12 வோல்ட் பேட்டரியிலிருந்து ஏறக்குறைய 95 ஆம்பியர் இழுக்கும். வீட்டில் அதே 1,000 வாட்டுக்கு 230 வோல்ட்டில் நாலரை ஆம்பியர்கூட ஆகாது. இந்த வித்தியாசத்தை உணராத வீட்டு எலக்ட்ரீஷியன் வேனில் கை வைத்தால் ஆபத்து. சரியாக நசுங்காத லக்கில் ஒரு ஓமில் இருநூறில் ஒரு பங்கு தடை இருந்தாலே போதும். 95-ஐ 95-ஆல் பெருக்கி 0.005-ஆல் பெருக்குங்கள், 45 வாட். சாதாரண சால்டரிங் அயர்ன் 25 வாட். அதைப் போல இரண்டு மடங்கு சூட்டை ஒரு கட்டைவிரல் அளவு இடத்தில், மரப் பலகைக்குப் பக்கத்தில் நாங்கள் வைத்திருந்தோம்.

அதனால் புதிய ஒயரிங்கில் நான் பிடிவாதமாகக் கடைப்பிடித்தவை இவை. 16 சதுர மி.மீ.க்கு மேல் எல்லா லக்கும் ஹைட்ராலிக் கிரிம்பிங் கருவியால்தான். கருவி வாங்க வேண்டாம், ஓசூரிலும் கிருஷ்ணகிரியிலும் பேனல் போர்டு வேலை செய்கிறவர்களிடம் ஒயரை அளந்து கொண்டுபோனால் நசுக்கித் தருவார்கள். நசுக்கியபின் இரண்டு பக்கமும் பிடித்துப் பலம்கொண்ட மட்டும் இழுத்துப் பார்க்க வேண்டும். லக்கில் ஈயம் உருக்கி ஊற்றுவது வேண்டாம். ஊற்றினால் அந்த இடத்தில் ஒயர் விறைத்துப்போய், அதிர்வில் விளிம்பில் முறியும். நட்டை இறுக்கியபின் அதன் குறுக்கே மார்க்கரால் ஒரு கோடு போட்டுவிடுங்கள். அஞ்செட்டிச் சாலையில் ஒரு சுற்றுப் போய் வந்து பார்த்தால், கோடு விலகிய நட்டு எதுவென்று கண்ணுக்கே தெரியும்.

எத்தனை ஸ்கொயர் (சதுர மி.மீ.) ஒயர் போட வேண்டும்?

சூடாகாமல் இருப்பது பாதிதான். வோல்ட் குறையாமல் இருப்பது மறு பாதி. செம்பு ஒயருக்குக் கணக்கு சுலபம்: போகும் தூரத்தை இரண்டால் பெருக்கி, ஆம்பியரால் பெருக்கி, 0.0175-ஆல் பெருக்கி, ஒயரின் சதுர மி.மீ.யால் வகுத்தால் எத்தனை வோல்ட் வழியில் தொலைகிறது என்று வரும். இன்ஜின் பேட்டரியிலிருந்து பின்னால் ஐந்து மீட்டர், 36 ஆம்பியர் என்று வையுங்கள். 6 ஸ்கொயரில் ஒரு வோல்ட்டுக்கு மேல் போய்விடும். 16 ஸ்கொயரில் 0.4 வோல்ட். பன்னிரண்டில் ஒன்று போவது பெரிய இழப்பு. நாங்கள் 16 போட்டோம். ஆயிரம் வாட் இன்வர்ட்டருக்கு ஒரு மீட்டருக்குள் 35 போட்டோம். பம்புக்கும் விளக்குக்கும் 2.5 போதும்.

கார் ஆடியோ கடையில் தடிமனாக, வழவழப்பாக, மலிவாக ஒரு ஒயர் கிடைக்கும். வெட்டி முனையைச் சுரண்டிப் பாருங்கள், உள்ளே வெள்ளையாக இருந்தால் அது செம்பு முலாம் பூசிய அலுமினியம். திருப்பிக் கொடுத்துவிடுங்கள். வெல்டிங் கேபிள் நல்ல வளைவு கொடுக்கும், ஆனால் அதிலும் அலுமினியம் வருகிறது, கேட்டு வாங்குங்கள். கனமான கரண்டுக்கு 'பாடி எர்த்'தை நம்பாதீர்கள். நெகட்டிவுக்கும் அதே தடிமனில் தனி ஒயர் இழுத்து ஒரு செம்புப் பட்டையில் சேர்த்து, அந்தப் பட்டையை மட்டும் ஒரே இடத்தில் வண்டியின் சேசிஸோடு இணையுங்கள்.

தகரத்தில் துளை போட்டு ஒயர் நுழைக்கிற ஒவ்வொரு இடத்திலும் ரப்பர் வளையம் வேண்டும். இன்னொன்று, வேன் மாதக்கணக்கில் தோட்டத்தில் நிற்குமென்றால் எலி. மாந்தோப்பு ஓரம் நிறுத்தி வைத்த வண்டியில் ஒயர் கடிபட்டுப் பார்த்திருக்கிறேன். மடிப்புக் குழாய்க்குள் விட்டால் ஓரளவு தப்பிக்கும்.

ஃபியூஸ் எங்கே, எவ்வளவு?

பேட்டரியின் பாசிட்டிவ் முனையிலிருந்து ஒரு சாணுக்குள். ஃபியூஸ் காப்பாற்றுவது கருவியை அல்ல, ஒயரை. அதனால் ஒயர் தாங்குவதற்குக் குறைவாகவும், கருவி இழுப்பதற்குச் சற்று அதிகமாகவும் இருக்க வேண்டும். எங்கள் இன்வர்ட்டருக்கு 125 ஆம்பியர், முன்னாலிருந்து வரும் 16 ஸ்கொயர் ஒயருக்கு 60. அந்த ஒயருக்கு இரண்டு முனையிலும் ஃபியூஸ் வேண்டும், ஏனென்றால் இரண்டு முனையிலும் பேட்டரி இருக்கிறது.

லித்தியம் பேட்டரி ஷார்ட் ஆனால் ஆயிரக்கணக்கில் ஆம்பியரைக் கொட்டும். மலிவு ஃபியூஸ் உருகினாலும் உள்ளே தீப்பொறி நிற்காமல் பாலமாக எரியும். முதன்மை ஃபியூஸ் மட்டும் 'கிளாஸ் டி' (ஆங்கில எழுத்து T, D அல்ல) வகையில் வாங்குங்கள். வீட்டு எம்சிபியை சோலார் பக்கம் போடக் கூடாது. அது ஏசி கரண்டை, அதாவது வீட்டுக்கு வரும் மாறுதிசைக் கரண்டை, அறுப்பதற்குச் செய்தது. பேனலும் பேட்டரியும் தருவது டிசி, ஒரே திசைக் கரண்ட்; அதன் தீப்பொறி தானாக அணையாது.

ஓடும்போது இன்ஜின் டைனமோவிலிருந்தே லித்தியத்துக்கு நேராக ஒயர் இழுத்தால் சார்ஜ் ஆகுமே?

ஆகும், டைனமோ எரியும்வரை. ஈய பேட்டரி நிரம்ப நிரம்பக் கரண்ட் வாங்குவதைத் தானாகக் குறைத்துக்கொள்ளும். லித்தியத்துக்கு உள் தடை மிகக் குறைவு. கிட்டத்தட்ட நிரம்பும்வரை கொடுப்பதையெல்லாம் வாங்கிக்கொண்டே இருக்கும். டைனமோ மணிக்கணக்கில் முழு மூச்சில் ஓடச் செய்ததல்ல. அதிலும் டிராஃபிக்கில் ஊர்ந்து போகும்போது, டோல்கேட் வரிசையில் நிற்கும்போது, இன்ஜின் வேகம் குறைவு, குளிர்விக்கும் விசிறியும் மெதுவாகச் சுற்றும், சூடு மட்டும் ஏறும்.

இன்னொரு ஆபத்து பலருக்குத் தெரியாது. லித்தியத்துக்குள் பிஎம்எஸ் என்ற காவல் பலகை இருக்கிறது. செல் நிரம்பிவிட்டாலோ சூடு ஏறிவிட்டாலோ அது சட்டென்று துண்டித்துவிடும். அந்த நொடியில் டைனமோவின் வோல்ட் எகிறும். அதன் டயோடுகளும், சில சமயம் வண்டியின் கம்ப்யூட்டரும் போய்விடலாம்.

இதற்கு ஒரே சரியான வழி, இடையில் டிசி-டிசி சார்ஜர். அது 30 ஆம்பியர் என்றால் முப்பதுக்கு மேல் தராது. லித்தியத்துக்கு வேண்டிய 14.2 முதல் 14.6 வோல்ட்டைத் தானே உருவாக்கிக்கொள்ளும். 2020 ஏப்ரலுக்குப் பின் வந்த பிஎஸ்-6 வண்டி வைத்திருப்பவர்களுக்கு இது விருப்பத் தேர்வு அல்ல, அவசியம். பல பிஎஸ்-6 இன்ஜின்கள் டீசல் மிச்சம் பிடிக்க டைனமோ வோல்ட்டை ஏற்றி இறக்கும். பழைய பாணி ரிலே அதைப் பார்த்துக் குழம்பிவிடும். சார்ஜரின் இக்னிஷன் ஒயரைச் சாவி போட்டால் மட்டும் கரண்ட் வரும் இடத்தில் கொடுத்துவிடுங்கள்.

எவ்வளவு ஏறும்? கிருஷ்ணகிரியிலிருந்து தர்மபுரி வழியாக ஒகேனக்கல் ஏறக்குறைய தொண்ணூறு கிலோமீட்டர், நிதானமாகப் போனால் இரண்டு மணி நேரத்துக்கு மேல். 30 ஆம்பியரில் 60 ஏஹெச், அதாவது 0.8 யூனிட் அளவில். இரண்டு விசிறியும் ஃப்ரிட்ஜும் அன்றிரவு முழுக்க ஓட அது போதும். நாங்கள் சோலாரைவிட இதைத்தான் அதிகம் நம்புகிறோம்.

சோலார் எத்தனை வாட்? கூரையில் பெரிய பேனல் ஒன்று போட்டால் போதுமா?

எங்களிடம் 200 வாட் இரண்டு இருக்கின்றன. படுக்கையாகக் கிடக்கும் பேனல், தூசி, சூடு எல்லாம் போக நல்ல வெயில் நாளில் 1.2 யூனிட் வருகிறது. நம் பக்கம் வெயிலுக்குப் பஞ்சமில்லை, ஆனால் பேனலுக்கு வேண்டியது வெளிச்சம், சூடு அல்ல. கூரைத் தகரத்தின் மேல் பேனல் 65 டிகிரிக்குப் போனால் ஏழில் ஒரு பங்கு உற்பத்தி குறைந்துவிடும். தகரத்தோடு ஒட்ட வைக்காமல் நான்கு விரல் உயரம் தூக்கி வைத்தால் அடியில் காற்று ஓடும்.

ஒகேனக்கலில் நிழல் தேடி மரத்தடியில் நிறுத்தினால் வேன் குளிர்ச்சியாக இருக்கும், பேனல் வேலை செய்யாது. இரண்டும் ஒன்றாகக் கிடைக்காது. ஒரு கிளையின் நிழல் ஒரு பேனலில் விழுந்தாலும் மற்றது கெடாமல் இருக்க, நாங்கள் இரண்டையும் பக்க இணைப்பாகக் (பேரலலாக) கொடுத்திருக்கிறோம்.

வீட்டுக் கூரைக்கான 540 வாட் பேனல் மலிவு என்று இரண்டு வாங்கித் தொடராகக் கொடுத்த நண்பருக்கு நடந்ததைச் சொல்ல வேண்டும். ஒவ்வொன்றும் திறந்த நிலையில் (எதோடும் இணைக்காதபோது) 49.5 வோல்ட், இரண்டும் 99. எம்பிபிடி கண்ட்ரோலர் (பேனலுக்கும் பேட்டரிக்கும் நடுவே சார்ஜைக் கட்டுப்படுத்தும் கருவி) 100 வோல்ட் தாங்கும், சரிதானே என்று நினைத்தார். ஆனால் 49.5 என்பது 25 டிகிரிக்கான கணக்கு. குளிரக் குளிர பேனலின் வோல்ட் ஏறும். தளியில் ஒரு மார்கழி விடியலில், பத்துப் பன்னிரண்டு டிகிரியில், அது 103-ஐத் தொடும். கண்ட்ரோலர் முதல் வெயிலிலேயே செத்துவிட்டது. பேனல் பின்னால் ஒட்டியிருக்கும் எண்ணில் பத்து சதவீதமாவது கூட்டிப் பார்த்துத்தான் கண்ட்ரோலர் வாங்க வேண்டும்.

நம் ஊர் வெயில் லித்தியத்தைக் கெடுக்குமா?

கெடுக்கும். குளிர்நாட்டுக்காரர்கள் பூஜ்யம் டிகிரிக்குக் கீழே சார்ஜ் செய்யாதே என்று எச்சரிப்பார்கள், நமக்கு அந்தக் கவலை இல்லை. நம் கவலை ஏப்ரல், மே. வெளியே நாற்பது டிகிரியை நெருங்கும் நாளில் கதவடைத்து நிறுத்திய வேனுக்குள் ஐம்பதைத் தாண்டும். நாற்பத்தைந்துக்கு மேல் சார்ஜ் செய்வது நல்லதல்ல. பேட்டரியை சைலன்சர் போகும் பக்கமும், மேற்கு வெயில் விழும் பக்கவாட்டுத் தகரத்தை ஒட்டியும் வைக்காதீர்கள். பெட்டியில் கீழே ஒரு துளை, மேலே ஒரு துளை, சின்ன விசிறி ஒன்று. வேன் இரண்டு மாதம் ஓடாது என்றால் நூறு சதவீதம் நிரப்பி வைக்காமல் ஐம்பது, அறுபதில் விட்டு, கட் ஆஃப் சுவிட்சை அணைத்துவிடுங்கள்.

இண்டக்‌ஷன் அடுப்பு, ஏசி ஓட்ட முடியுமா?

ஏசி வேண்டுமென்றால் மணிக்கு ஒரு யூனிட் என்று வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் பேட்டரி இரண்டு மணி நேரத்தில் காலி. இண்டக்‌ஷனில் பால் காய்ச்சலாம், டீ போடலாம். களி கிண்டுவதற்குச் சின்ன கேஸ் அடுப்புதான் சரி.

பேட்டரியின் ஏஹெச்சை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள், பிஎம்எஸ் எத்தனை ஆம்பியர் விடும் என்று பாருங்கள். 100 ஆம்பியர் பிஎம்எஸ் என்றால் 1,280 வாட்தான் உச்சம். 750 வாட் மிக்ஸி கிளம்பும்போது அதைவிட அதிகம் கேட்கும். 100 ஏஹெச் இரண்டைப் பக்க இணைப்பில் போட்டால் சுமை பிரியும். சேர்ப்பதற்கு முன் இரண்டையும் தனித்தனியாக முழுக்க நிரப்பிவிட வேண்டும். ஈய பேட்டரியோடு லித்தியத்தை ஒருபோதும் சேர்க்காதீர்கள்.

இன்வர்ட்டர் சுத்தமான சைன் அலையாக இருக்கட்டும். மலிவு வகையில் மிக்ஸி மோட்டார் உறுமும், சூடாகும். கனமான டிரான்ஸ்பார்மர் உள்ள வீட்டு இன்வர்ட்டரை வேனுக்கு எடுக்காதீர்கள். ஒன்றும் ஓடாதபோதே இருபது வாட் தின்னும், நாளுக்கு அரை யூனிட் அங்கேயே போய்விடும்.

வேன் டயர் மேல்தானே நிற்கிறது, எர்த் எதற்கு?

இந்தக் கேள்விக்கு அவசரமாகப் பதில் சொல்ல எனக்கு மனமில்லை. இதில்தான் உயிர் இருக்கிறது.

வீட்டில் ஆர்சிசிபி போட்டிருப்பீர்கள். 30 மில்லி ஆம்பியர் கசிந்தால் துண்டித்துவிடும். அது வேலை செய்வதற்குக் காரணம், டிரான்ஸ்பார்மரில் நியூட்ரலும் எர்த்தும் சேர்ந்திருப்பதுதான். கசியும் கரண்ட் திரும்பிப் போக வழி இருப்பதால் கருவி அதைக் கண்டுபிடிக்கிறது. வேன் இன்வர்ட்டரின் இரண்டு ஒயர்களும் பெரும்பாலும் எதோடும் சேராமல் மிதக்கும். ஒரு பழுதில் ஷாக் அடிக்காது, அதனால் யாருக்கும் தெரியாது. இரண்டாவது பழுது வரும்போது ஷாக் அடிக்கும், ஆர்சிசிபி சும்மா இருக்கும். ஆகவே இன்வர்ட்டரில் ஓடும்போது நியூட்ரலும் எர்த்தும் ஓரிடத்தில் சேர்ந்து, எர்த் வேன் பாடியோடு இணைந்திருக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் ஆர்சிசிபி.

ஆனால் அதே இணைப்பு, வேனை வெளிக் கரண்டில் சொருகும்போது இருக்கவே கூடாது. சொருகுகிற பிளக் பாயிண்ட்டில் பேஸும் நியூட்ரலும் மாறியிருந்தால் வேனின் தகரம் முழுக்க 230 வோல்ட் வந்துவிடும். கால் தரையில் வைத்துக் கதவைத் தொடுகிறவரின் கதி என்னவாகும்? ஆகவே இன்வர்ட்டர், வெளிக் கரண்ட் இரண்டுக்கும் இடையே பேஸ், நியூட்ரல் இரண்டையும் துண்டித்து மாற்றும் சேஞ்ச் ஓவர் சுவிட்ச் வேண்டும். நியூட்ரல்-எர்த் இணைப்பு இன்வர்ட்டர் பக்கம் மட்டும் இருக்க வேண்டும். சில இன்வர்ட்டர்கள் இதை உள்ளேயே செய்துகொள்ளும். சில மலிவு இன்வர்ட்டர்களில் இப்படி இணைத்தாலே வெடித்துவிடும். கையேட்டில் இதைப் பற்றி ஒரு வரியும் இல்லாத இன்வர்ட்டரை வாங்காதீர்கள். இந்த ஒரு வேலையை மட்டும் விவரம் தெரிந்த, உரிமம் உள்ள எலக்ட்ரீஷியன் முன்னிலையில் செய்யுங்கள்.

லாட்ஜ், பெட்ரோல் பங்க், உறவினர் வீடு, எங்கே சொருகினாலும் முதலில் மூன்று முள் டெஸ்டரைச் சொருகிப் பார்ப்பது எங்கள் வழக்கம். எர்த் இல்லை என்று காட்டினால் சொருக மாட்டோம். பேட்டரி இருக்கிறதே, அன்றைக்கு அதில் ஓட்டிக்கொள்ளலாம்.

என் வண்டி 24 வோல்ட். என்ன செய்வது?

பேருந்து, லாரி சேசிஸ் என்றால் இரண்டு பேட்டரி தொடராக இருக்கும். அந்த இரண்டில் ஒன்றிலிருந்து மட்டும் 12 வோல்ட் எடுக்கிற பழக்கம் லாரி ஒயரிங்கில் உண்டு, அதைச் செய்யாதீர்கள். ஒன்று வாடும், மற்றது மிகைசார்ஜில் வேகும். வீட்டுப் பக்கத்தையும் 24 வோல்ட் லித்தியமாகவே வைத்துவிடலாம், ஆம்பியர் பாதியாகும், ஒயரும் மெலியும். 12 வோல்ட் பம்புக்கும் விசிறிக்கும் சின்ன இறக்கு கன்வெர்ட்டர் போதும்.

பேட்டரியில் எவ்வளவு மிச்சம் என்று வோல்ட் மீட்டரில் பார்த்தால் தெரியாதா?

ஈய பேட்டரியில் ஓரளவு தெரியும். லித்தியத்தில் எண்பது சதவீதத்துக்கும் நாற்பதுக்கும் இடையே 0.2 வோல்ட்தான் வித்தியாசம், அதுவும் விசிறி ஓடினால் மாறிவிடும். நெகட்டிவ் ஒயரில் ஷன்ட் (கரண்டை அளக்க உதவும் சின்னத் தடைப் பட்டை) மாட்டி, போன, வந்த ஆம்பியரை எண்ணும் மீட்டர் வையுங்கள். எல்லா நெகட்டிவும் ஷன்ட்டைத் தாண்டித்தான் போக வேண்டும். ஒன்று விட்டுப்போனாலும் கணக்கு பொய்யாகிவிடும்.

ஆர்டிஓவில் சொல்ல வேண்டுமா?

மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52-இன்படி, ஆர்சியில் உள்ள விவரம் மாறும் அளவுக்கு வண்டியை மாற்றினால் அனுமதி வேண்டும். சீட்டைக் கழற்றிக் கட்டில் அடிப்பது அதில் வரும். வேலை தொடங்கும் முன்பே போய்க் கேளுங்கள். இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் எழுத்தில் தெரிவியுங்கள், இல்லாவிட்டால் தீ விபத்துக்குப் பணம் கேட்கும்போது தகராறு வரும். வேலை முடிந்ததும் எடை மேடையில் ஒருமுறை ஏற்றி, ஆர்சியில் உள்ள எடையோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

எதில் மிச்சம் பிடிக்கலாம்?

விலை அடிக்கடி மாறுவதால் தொகை எழுதவில்லை. பேனலில் மிச்சம் பிடிக்கலாம், அது இரண்டாம் கையில்கூடக் கிடைக்கும். இன்வர்ட்டரைச் சிறியதாக வாங்கலாம். விளக்குகள், சுவிட்சுகள் உள்ளூர்க் கடையில் போதும். லக், ஒயர், ஃபியூஸ், ஆர்சிசிபி இவற்றில் ஒரு ரூபாய்கூட மிச்சம் பிடிக்காதீர்கள். பணம் பிரித்துப் பிரித்துத்தான் வரும் என்றால் முதலில் ஒயரிங்கைப் பெரிய பேட்டரிக்கு ஏற்றபடி போட்டுவிட்டு, பழைய பேட்டரியையே இன்னும் ஆறு மாதம் ஓட்டுங்கள். ஷன்ட், டிசி-டிசி சார்ஜர் போன்றவற்றை நேரில் பார்த்து வாங்க வேண்டுமென்றால் பெங்களூரு எஸ்பி ரோடு ஒரு நாள் வேலைதான்.

ராத்திரி திடீரென்று எல்லாம் அணைந்துவிட்டால்?

பயப்பட வேண்டாம், பெரும்பாலும் பிஎம்எஸ் துண்டித்திருக்கும். முதலில் இன்வர்ட்டர் சுவிட்சை அணையுங்கள். மிக்ஸியோ வேறெதுவோ அதிகம் இழுத்ததால் துண்டித்திருந்தால், சுமையை எடுத்த கொஞ்ச நேரத்தில் தானாகத் திரும்பி வந்துவிடும். லக்குகளைப் புறங்கையால் மெதுவாகத் தொட்டுப் பாருங்கள், எதாவது சுட்டால் அன்றிரவு மறுபடி போடாதீர்கள்.

பேட்டரி முழுக்க இறங்கிப்போய்த் துண்டித்திருந்தால் ஒரு சிக்கல் உண்டு. பல சோலார் கண்ட்ரோலர்களும் டிசி-டிசி சார்ஜர்களும் எதிரே பேட்டரி வோல்ட் தெரிந்தால்தான் வேலையைத் தொடங்கும். பிஎம்எஸ் துண்டித்த பேட்டரி அவற்றுக்குப் பூஜ்யமாகத் தெரியும், காலையில் வெயில் வந்தும் சார்ஜ் ஏறாது. கெலவரப்பள்ளி அணைப் பக்கம் எங்களுக்கு இப்படி ஆகி, பக்கத்திலிருந்த டீக்கடையில் பிளக் பாயிண்ட் கேட்டு, லித்தியத்தை எழுப்பும் வசதியுள்ள 5 ஆம்பியர் சார்ஜரை அரை மணி நேரம் மாட்டிய பிறகுதான் உயிர் வந்தது. அந்தச் சின்ன சார்ஜர் இப்போது டிரைவர் சீட்டுக்கு அடியில், ஜாக்கிக்குப் பக்கத்திலேயே இருக்கிறது.